"சிறு பிராணிகள் மட்டுமே"ன்னு முடிச்ச என் மனுவ திரும்ப எடுங்க

மாவட்ட கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கும், மாவட்ட பிராணிகள் வதை தடுப்புச் சங்கத்துல பொறுப்புல இருக்கிறவங்களுக்கும்,

என் கடைக்குப் பக்கத்துல இருக்குற பெட் ஷாப்ல பிராணிங்கள நெருக்கி அடைச்சு தண்ணி இல்லாம சாக விடுறாங்கன்னு திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல நான் குடுத்த மனுவுக்கு உங்க ஆபீஸ்ல இருந்து தபால் வந்துச்சு. நாலு வரி. கடையை நேர்ல பாத்தோம், நாய் பூனை எதுவும் விற்பனைக்கு இல்ல, சிறு பிராணிகளும் பறவைகளும் மட்டுமே இருக்கு, அதனால நடவடிக்கை தேவையில்ல, மனு முடிக்கப்படுதுன்னு போட்டிருந்துச்சு. இத படிச்சிட்டு ரெண்டு நாள் எனக்கு மிஷின்ல உக்காரவே முடியல. அந்த 'மட்டுமே'ங்கிற ஒரு வார்த்தைக்காகத்தான் இப்ப எல்லாரும் பாக்குற மாதிரி எழுதுறேன். நாய அடிச்சா கேக்க ஆள் வந்துடுறாங்க, மாட்ட லாரில நெருக்கி ஏத்தினா நாலு பேர் வண்டிய மறிக்கிறாங்க, உள்ளங்கையில அடங்குற ஜீவனுக்கு மட்டும் யாரும் வர்றதில்ல, உங்ககிட்ட வந்தா நீங்களும் 'மட்டுமே'ன்னு எழுதி அனுப்புறீங்க.

நான் டெய்லர். பஜார்ல பன்னெண்டு வருஷமா ஜாக்கெட், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறேன். நாலு வருஷம் முன்னாடி பக்கத்துல இருந்த செருப்புக் கடைய காலி பண்ணிட்டு அந்த பெட் ஷாப் வந்துச்சு. அவங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒத்தக்கல்லு செவுரு, அவ்ளோதான். பத்துக்கு பன்னெண்டு இடம், மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, முன்னாடி ஷட்டர், பின்னாடி ஜன்னல் கிடையாது. உள்ள என்ன நடக்குதுன்னு நான் எட்டிப் பாக்க வேண்டியதே இல்ல, காதுல விழுந்துட்டே இருக்கும். மனு குடுக்கறதுக்கு முந்தின நாள் எண்ணிப் பாத்தேன். ஒரு கூண்டுல ஒன்பது முயல் குட்டி, ஒன்னு மேல ஒன்னு. அதுக்கு மேல் கூண்டுல கினி பிக் ஆறு, அதோட மூத்திரம் கீழ இருக்குற முயல் மேல சொட்டுது. கண்ணாடித் தொட்டியில மரத்தூள் போட்டு, எலி மாதிரி இருக்குற ஹாம்ஸ்டர் பதினோரு உருப்படி. வாசல் கம்பியில தொங்குற கூண்டு ஏழு, அதுல லவ் பேர்ட்ஸ் எத்தனன்னு எண்ண முடியல, இறக்கைய முழுசா விரிக்க எதுக்கும் இடம் இல்ல.

இந்த 'மட்டுமே' சரியான்னு என் தங்கச்சி பொண்ணுகிட்ட கேட்டேன், அவ லா காலேஜ்ல படிக்கிறா. 2018-ல மத்திய அரசு கொண்டு வந்த பெட் ஷாப் விதிகள அவ போன்லயே எடுத்து எனக்கு வாசிச்சுக் காட்டினா. பெட் அனிமல்னா என்னன்னு அதுல தொடக்கத்துலயே சொல்லியிருக்கு சார். நாய், பூனை, அதுக்கு அடுத்த வார்த்தையே முயல். அப்புறம் கினி பிக், ஹாம்ஸ்டர், எலி சுண்டெலி வகை, கூண்டுப் பறவை. பேர் பேரா போட்டிருக்கு. அந்தக் கடையில இருக்குற அத்தனையும் அந்த ஒரே வரியில இருக்கு. இத விக்கிற யாரா இருந்தாலும் மாநில விலங்குகள் நல வாரியத்துல 5,000 ரூபா கட்டி பதிவு பண்ணணும், அது அஞ்சு வருஷத்துக்கு செல்லும், எத வாங்கினோம் எத வித்தோம் எது செத்துச்சுன்னு ரெஜிஸ்டர் வெக்கணும், கூண்டு எவ்ளோ இருக்கணும்னு அளவு கூட இருக்கு. நாலு வருஷத்துல பதிவு சர்டிபிகேட்டுன்னு ஒன்னு அந்தக் கடை செவுத்துல நான் பாத்ததில்ல. பாக்க வந்த உங்க ஆளு அத கேட்டாரான்னு எனக்கு தெரியணும். ஏன்னா நான் என் வாசல்லதான் நின்னுட்டிருந்தேன், அவர் உள்ள போயி வெளிய வர ஒரு டீ குடிக்கிற நேரம் கூட ஆகல, அன்னிக்கு காலையில கடைப் பையன் எட்டு மணிக்கே வந்து தண்ணிக் கிண்ணம் எல்லாம் கழுவி, பாதி கூண்ட ஒரு குட்டியானை வண்டியில ஏத்தி எங்கயோ அனுப்பிட்டான், சாயந்திரம் அதெல்லாம் திரும்பி வந்துச்சு.

விதி இருக்கட்டும், அதுக்கு முன்னாடி 1960-ல போட்ட பிராணிகள் வதை தடுப்புச் சட்டமே இருக்கு. அதுல 11வது பிரிவுல, அசைய இடமில்லாத கூண்டுல அடைக்கிறது குத்தம், போதுமான தீனி தண்ணி நிழல் குடுக்காதது குத்தம், நெருக்கி அடைச்சோ பட்டினி போட்டோ வலியில இருக்குற பிராணிய விக்க வெக்கிறதும் குத்தம். நாய்க்கு மட்டும்னு அதுல எங்கயும் இல்ல, மனுஷன் தவிர உசுருள்ள எல்லாத்துக்கும்தான். மொத தடவைக்கு அபராதம் 10 ரூபாயில இருந்து 50 ரூபா வரைக்கும்தான், அது எனக்கும் தெரியும், அந்தக் காலத்துல போட்ட தொகை. ஒரு ஜோடி ஹாம்ஸ்டர் 800 ரூபாய்க்கு விக்கிறவருக்கு 50 ரூபா என்ன பயம் குடுக்கும். அதனாலதான் சொல்றேன், உங்க கையில இருக்குற ஒரே பிடி அந்தப் பதிவுதான். பதிவு இல்லாம விக்க விட்டுட்டீங்கன்னா அப்புறம் எத ரத்து பண்ணுவீங்க?

இப்ப என் வீட்டுக் கதைய சொல்றேன், ஏன்னா நானும் அங்க காசு குடுத்து வாங்கினவதான்.

கடை வந்த புதுசுல பையன் அழுதான்னு ரெண்டு முயல் குட்டி வாங்கினேன், ஒன்னு 350 ரூபா. ரெண்டு மாசக் குட்டிக்கா, சோறு போடுங்க, கேரட் போடுங்க, பிரட் கூட சாப்பிடும்னு அந்தப் பையன் சொன்னான். மூணாவது நாள் காலையில ஒன்னு பின்னாடி எல்லாம் நனைஞ்சு, உடம்பு ஜில்லுன்னு கெடந்துச்சு. அத துணியில சுத்தி கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துட்டு ஓடினேன், அங்க போறதுக்குள்ள போயிடுச்சு. டாக்டர் கையில வாங்கி வாயத் தொறந்து பாத்துட்டு, இதுக்கு ஒரு மாசம் கூட ஆகலம்மா, தாய்ப்பால் குடிக்கிற வயசு, பால மறக்கடிக்காம பிரிச்சா வயிறு தாங்காதுன்னாரு. நான் சோறு ஊட்டி கொன்னுட்டேன்னு அன்னிக்கு ராத்திரி பூரா தோணிட்டே இருந்துச்சு.

இன்னொன்னு பொழச்சுது. பஞ்சுன்னு பேரு. ரெண்டு வருஷம் வீட்டுல துள்ளிட்டு இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் பாத்தா கிண்ணத்துகிட்ட வரும், முகர்ந்து பாக்கும், வாயில எடுக்கும், கீழ போட்டுடும். திரும்ப எடுக்கும், திரும்ப போடும். தாடையெல்லாம் எச்சில்ல நனைஞ்சு முடி ஒட்டிக் கெடந்துச்சு. ஒதட்ட தூக்கிப் பாத்தேன் சார், கீழ்ப்பல்லு ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு மூக்கு வரைக்கும் வந்திருக்கு, மேல்பல்லு உள்பக்கமா சுருண்டு போயி அண்ணத்துல குத்தி அந்த இடம் புண்ணாயி செவந்திருக்கு. பசி இருக்கு, எதிர்ல தீனி இருக்கு, வாய மூட முடியல. அது கத்தவும் இல்ல. முயலு வலிய வெளிய காட்டாதாம், காட்டினா வேட்டையாடுற மிருகம் புடிச்சிடும்னு அதோட பொறப்புலயே இருக்காம். அதே டாக்டர்தான் பல்ல வெட்டி விட்டாரு. முயல் பல்லு சாகுற வரைக்கும் வளரும்மா, மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கிட்ட வளரும், புல்லு மென்னாதான் தேயும், சோறும் பிரட்டும் தின்னா எங்க தேயும்னாரு. பிள்ளையார் கோயில் வாசல்ல கட்டு பத்து ரூபான்னு விக்கிற அருகம்புல்லு சார். அத போடுங்கன்னு ஒரு வார்த்தை அந்தக் கடையில சொல்லியிருந்தா பஞ்சுவுக்கு இந்தக் கதி வந்திருக்காது. அதுக்கப்புறம் ஆறு வாரத்துக்கு ஒரு தடவ பல்லு வெட்ட தூக்கிட்டுப் போனேன். வளஞ்ச பல்லு நேராகவே இல்ல. ஒரு நாள் சாப்பிடாம இருந்துச்சு, மறுநாள் இல்ல. நல்லா பாத்துக்கிட்டா எட்டு பத்து வருஷம் இருக்குற ஜீவன்னு அன்னிக்குதான் எனக்கு தெரியும்.

அந்த டாக்டர் உங்க துறை டாக்டர். இதெல்லாம் உங்களுக்கு தெரியாதுன்னு நான் நெனைக்கல. மருந்தகத்துல இருக்குறவருக்கு முயல்னா ஒரு உசுரு, ஆபீஸ்ல கையெழுத்து போடுறவருக்கு 'மட்டுமே'. இது எப்படின்னு தான் எனக்கு புரியல.

இனி மே மாசத்த சொல்றேன், மனு போட வெச்சதே அதுதான். எங்க பஜார் ஞாயித்துக்கிழமை லீவு. சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டர இறக்கினா திங்கக்கிழமை காலையில பத்து மணிக்குதான் ஏத்துவாங்க. ஷார்ட் சர்க்யூட் ஆயிடும்னு மெயின ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவாங்க, ஃபேன் கிடையாது, லைட் கிடையாது. கிட்டத்தட்ட முப்பத்தாறு மணி நேரம். ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்ல, யூனிஃபார்ம் ஆர்டர் குவிஞ்சு கெடக்கும், அதனால மே மாசம் மட்டும் நான் ஞாயித்துக்கிழமையும் கடைய பாதி தொறந்து வெச்சு தைப்பேன். காலையில லவ் பேர்ட்ஸ் சத்தம் எப்பவும் போலதான் இருக்கும், மிஷின் சத்தத்தையும் தாண்டி கேக்கும். பத்து பத்தரை ஆனா சத்தம் வேற மாதிரி மாறும், வறண்டு போன மாதிரி. பன்னெண்டு மணிக்கு மேல சுத்தமா நின்னுடும். அந்த நேரம் எனக்கு கை ஓடாது.

இந்த வருஷம் கத்திரி நடுவுல ஒரு ஞாயிறு, வெளிய நாப்பது டிகிரின்னு போன்ல காட்டுது. போயி ஷட்டர் மேல கைய வெச்சேன், தோசக்கல்லு மாதிரி சுட்டுச்சு. ஓனருக்கு போன் போட்டேன், ஃபேன் ஓடுதுக்கா, ஒன்னும் ஆகாதுன்னாரு, மெயின் ஆஃப்ல இருக்குன்னு நான் சொன்னதும் வெளியூர்ல இருக்கேன் நாளைக்கு பாக்கிறேன்னு வெச்சுட்டாரு. ஷட்டருக்கு அடியில ரெண்டு விரல் சந்து இருக்கு, அது வழியா மக்குல மக்குலயா தண்ணிய ஊத்திப் பாத்தேன். தரைக்கு மட்டும் ஈரம் போச்சு. கூண்டெல்லாம் மேல இருக்கு. வேற என்ன பண்றதுன்னே தெரியல.

திங்கக்கிழமை அந்தப் பையன் வந்து ஷட்டர தூக்கினான். அந்த வாடைய நான் எழுத விரும்பல. கூண்டு அடியில பூரா குருவிங்க, தண்ணிக் குழாய் பக்கமா ஒன்னு மேல ஒன்னு கவுந்து கெடந்துச்சு, எல்லாத்துக்கும் அலகு தொறந்தபடி, இறக்கைய உடம்புல இருந்து தள்ளி வெச்சபடி, காத்து படுமான்னு பாத்திருக்கு. குழாய்ல தண்ணி இல்ல. முயல்ல ரெண்டு நீட்டிக் கெடந்துச்சு, காது ரெண்டும் சூடா இருந்துச்சு அப்பவும். முயலுக்கு நம்மள மாதிரி வேர்க்காது, காது வழியாதான் சூடு வெளிய போகணும், முப்பது டிகிரி தாண்டினாலே அதுக்கு கஷ்டம். ஜவுளிக் கடை கட்டைப் பையில அவன் ஒவ்வொன்னா போட்டான், நான் எண்ணினேன், பதினாலு குருவி, ரெண்டு முயலு. அவனுக்கு பத்தொன்பது வயசு இருக்கும், மாச சம்பளத்துக்கு வர்றவன், கண்ணெல்லாம் கலங்கி நின்னான். எங்கிட்ட சாவி குடுத்திருந்தா நான் நேத்து வந்து தண்ணி வெச்சிருப்பேன்கான்னான். அவன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஓனருக்கு ஊருக்குள்ள மூணு கடை, செத்தத கணக்கு பாத்தா அவருக்கு நாலாயிரம் அஞ்சாயிரம் நஷ்டம், புதன்கிழமை புது லோடு இறங்கிடுச்சு, அதோட முடிஞ்சு போச்சு அவருக்கு. செத்தத எழுதி வெக்கிற ரெஜிஸ்டர் இருந்திருந்தா அந்தப் பதினாறு எங்கயாவது ஒரு பக்கத்துல இருந்திருக்கும். இப்ப என் மனுவுல மட்டும்தான் இருக்கு, அதையும் நீங்க முடிச்சுட்டீங்க.

ஹாம்ஸ்டர பத்தி ஒன்னு சொல்லணும். ஜோடி ஜோடியாதான் விக்கிறாங்க, தனியா கேட்டா பாவம்கா ஏங்கிப் போயிடும்பாங்க. அங்க விக்கிற பெரிய சைஸ் சிரியன் வகை வளந்தப்புறம் தனியா இருக்க வேண்டிய ஜாதி, ஒரே கூண்டுல போட்டா ரத்தம் வர்ற வரைக்கும் கடிச்சுக்கும், சில சமயம் ஒன்னு இன்னொன்ன கொன்னே போட்டுடும். சேந்துச்சுன்னாலும் பதினாறே நாள்ல எட்டு பத்து குட்டி. குழந்தைங்க ஆசையா கைய விட்டு தொட்டா தாய் சில சமயம் குட்டிய தின்னுடும். என் கஸ்டமர் ஒருத்தங்க வீட்டுல அத பாத்துட்டு அவங்க பொண்ணு ஒரு வாரம் சரியா சாப்பிடல. ஆறாங்கிளாஸ் பொண்ணு. அது கையில காச வாங்கிட்டு வித்திருக்காங்க, பதினெட்டு வயசுக்கு கீழ விக்கக் கூடாதுன்னு அந்த விதியிலயே இருக்கும்போது.

திருவிழாக் கடையில கலர் கோழிக்குஞ்சு விக்கிறது உங்களுக்கு தெரியும். ரோஸு, பச்ச, நீலம். முட்டைக் கோழிப் பண்ணைக்கு சேவக்குஞ்சு ஆகாதுன்னு கழிச்சு விடுறத சாயத்துல முக்கி அட்டப் பெட்டியில போட்டு பத்து ரூபா இருபது ரூபான்னு விக்கிறாங்க. பொறந்த வாரம் அதுக்கு தாய்க் கோழி சூடு வேணும், முப்பத்தி மூணு டிகிரி கிட்ட வேணும், ராத்திரி சில்லுனு இருக்குற தரையில அது எத்தன நாள் தாங்கும். வாங்கிட்டுப் போற பிள்ளைங்கள்ல நிறைய பேரு மறுநாளே அத குழி தோண்டி பொதைக்கிறாங்க. இதுவும் நம்ம கண்ணு முன்னாடி பஸ் ஸ்டாண்டுல நடக்குறதுதான்.

ஒன்னும் பண்ண முடியாதுன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க. இதே கடையில மொத வருஷம் பச்சக்கிளி குஞ்சு விப்பாங்க, பின்னாடி துணி போட்டு மூடி வெச்சு, கேக்குறவங்களுக்கு மட்டும் எடுத்துக் காட்டுவாங்க. 1972 வனவிலங்கு சட்டத்துல நம்மூரு கிளி, சில்லைக் குருவி எதையும் விக்கக் கூடாது. ஒரு நாள் வனத்துறைக்காரங்க சொல்லாம கொள்ளாம வந்தாங்க, கூண்டோட எடுத்துட்டு கேஸ் போட்டாங்க. அன்னில இருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு பச்சக்கிளி அந்தக் கடையில இல்ல. ஒரே ஒரு தடவ வந்ததுக்கு மூணு வருஷம் பயம் இருக்கு. இங்க லவ் பேர்ட்ஸ்னு விக்கிற பட்ஜி ஆஸ்திரேலியாப் பறவை, அது வனத்துறை கையில வராது, அது உங்க கையிலதான் இருக்கு.

கடைய மூடுங்கன்னு நான் கேக்கல. நானும் ஒரு ஷட்டருக்கு வாடகை கட்டுறவ, ஒருத்தர் பொழப்ப கெடுக்கணும்னு எனக்கு ஒரு நாளும் எண்ணம் இல்ல. பஜார்ல சில பேரு, எலிக்கும் குருவிக்கும் போயி மனு போடுறியே, மனுஷனுக்கே இங்க நாதியில்லன்னு சொல்றாங்க. மனுஷனுக்கு வாய் இருக்கு, ஓட்டு இருக்கு, திங்கக்கிழமை வரிசையில வந்து நிக்க கால் இருக்கு. கூண்டுல இருக்குறதுக்கு அது எதுவும் இல்லங்கிறதாலதான் நான் வந்து நின்னேன். 

நான் கேக்குறது இதுதான். முடிச்ச மனுவ திரும்ப எடுங்க. முயலும் ஹாம்ஸ்டரும் கூண்டுப் பறவையும் 2018 விதியில வராதுன்னு எந்த வரியில இருக்குன்னு எனக்கு எழுத்துல குடுங்க, அப்படி ஒரு வரி இல்லன்னா அந்த பதில் தப்புன்னு எழுதி திரும்ப வாங்கிக்கோங்க, ஏன்னா இதே பதில வெச்சு மாவட்டத்துல இன்னும் எத்தன மனு முடிஞ்சிருக்கோ. அந்தக் கடையோட சேத்து மாவட்டத்துல இருக்குற எல்லா பெட் ஷாப்லயும் பதிவு இருக்கான்னு பாருங்க, இல்லாதவங்களுக்கு ஒரு தேதி குடுங்க, அந்தத் தேதிக்குள்ள பதிவு வாங்காதவங்கள விக்க விடாதீங்க. பதிவு உள்ள கடைங்க லிஸ்ட கால்நடை மருந்தகம் வாசல்ல ஒட்டுங்க, வாங்கப் போறவங்க பாத்துட்டுப் போகட்டும். கூண்ட டேப்பு வெச்சு அளந்து பாருங்க, டேப்பு இல்லன்னா என்கிட்ட ரெண்டு இருக்கு. சாவு ரெஜிஸ்டர கேட்டு வாங்கி, வந்த லோடு கணக்கோட வித்த கணக்க வெச்சு சரி பாருங்க. எட்டு வாரம் ஆகாத முயல் குட்டி விக்கிறாங்களான்னு உங்க டாக்டர் ஒருத்தர் மாசம் ஒரு தடவ வந்து பாத்தா போதும். என்ன தீனி, எவ்ளோ இடம், எத்தன வருஷம் இருக்கும், எத தனியா வெக்கணும்னு தமிழ்ல ஒரு பக்கம் அச்சடிச்சு ஒவ்வொரு பிராணியோடயும் குடுக்கச் சொல்லுங்க. ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் லீவு நாள்லயும் காலையில ஒரு ஆள், சாயந்திரம் ஒரு ஆள் வந்து தண்ணியும் காத்தும் இருக்கான்னு பாக்கணும்னு எழுத்துல உத்தரவு போடுங்க. திருவிழாவுக்கு முன்னாடியே கலர் குஞ்சு வியாபாரத்த தடுங்க, விழா முடிஞ்சப்புறம் வந்து புண்ணியமில்ல. பிராணிகள் வதை தடுப்புச் சங்கம் மாவட்டத்துக்கு ஒன்னு இருக்கணும்னு 2001-லயே விதி போட்டாச்சு, நம்ம மாவட்டத்துல அதுல யாரு யாரு இருக்காங்க, போன் பண்ணா யாரு எடுப்பாங்கன்னு வெளிய சொல்லுங்க, அன்னிக்கு ஞாயித்துக்கிழமை எனக்கு கூப்பிட ஒரு நம்பர் கூட இல்ல.

கடைசியா ஒன்னு, அடுத்த தடவ பாக்க வரும்போது சொல்லாம வாங்க, வேல நாள்ல காலையில வராதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு வாங்க. என் கடைய நான் தொறந்து வெக்கிறேன், செவுத்தோரமா ஒரு நாற்காலி போடுறேன், அரை மணி நேரம் உக்காந்து அந்தப் பக்கம் சத்தம் வருதான்னு கேளுங்க.

இப்படிக்கு,
பக்கத்துக் கடை டெய்லர்